மூன்றாம் மாடியில் மழை

அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆண்டு வருமானம் ஏற ஏற வீடும் மாடி மாடியாக வளர்ந்தது. ஏப்ரலில் வரி அந்த மாடிகளுக்குள் மழையாகப் பெய்தது. தரைத்தளம், வரி வேண்டாம் என்று அரசு விட்டுக்கொடுத்த கழிவு. அங்கே ஒரு சொட்டும் விழாது. முதல் மாடியில் தூறல், இரண்டாவதில் சற்றுக் கனத்த தூறல், மூன்றாவதில் கொட்டும் மழை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில், தேங்கிய தண்ணீரிலேயே பிள்ளைக்கு இவ்வளவு என்று வாளிகள் தாமாகக் காலியாகும். அதன் பெயர் தள்ளுபடி. ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. வாளியின் விலையைத்தான் பேசுவார்கள்.

கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைபார்த்த லோர்னா பிரூயிட்டுக்குப் பிள்ளை இல்லை. மூன்றாம் மாடி முளைத்தால் அந்தக் கனமழை வீடு முழுக்கப் பெய்யும் என்று நம்பினாள். தரைத்தளத்தில் அவள் கணவன் வெண்டெல் ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்திருந்தான். நனைந்தால் இயந்திரம் நின்றுவிடும். அதற்காகவே மேற்பார்வையாளர் பதவியை ஆண்டுதோறும் மறுத்தாள். இலை உதிரத் தொடங்கியதும் ஓவர்டைமையும் விட்டுவிட்டு, வீட்டின் உச்சியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டு கஸ் வேலிமேல் சாய்ந்து சிரித்தான். “என் வீடு நாலு மாடி. என் நாய் கீழ காஞ்சுபோய்த்தான் கெடக்கு. வேணும்னா வந்து தடவிப் பாரு.”

“நீ பிடிச்ச மீன் கூட ஆள் உயரம்னுதான் சொன்ன,” என்றாள் லோர்னா. போய்ப் பார்க்கவில்லை.

ஒரு டிசம்பரில் ஆலை எல்லோரையும் கட்டாய இரட்டை ஷிப்டில் போட்டது. கிறிஸ்துமஸுக்குள் மூன்றாம் மாடி முளைத்துவிட்டது, ஜன்னலோடு. அவள் அதைக் குறைக்கப் பார்த்தாள். ஓய்வூதியக் கணக்கில் கையிருப்பைப் போட்டாள். அதற்கும் கழிவு உண்டென்பதால் அந்த அறை சுருங்கியது. ஆனாலும் ஒரு முழம் மிஞ்சி நின்றது.

ஏப்ரலில் மழை தொடங்கிய காலையில் வெண்டெல்மேல் தார்ப்பாய் விரித்தாள். இயந்திரத்தின்மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உச்சியில் தடதடவென்று கொட்டியது.

“தண்ணியில சாக மாட்டேன் லோர்னா,” என்றான் வெண்டெல் தார்ப்பாய்க்குள்ளிருந்து. “இதுக்குள்ள மூச்சு முட்டித்தான் சாவேன்.”

குடையை அவன் கையில் கொடுத்துவிட்டு மாடியேறினாள். முதல் மாடியில் போன வருடத்துத் தூறல். இரண்டாவதிலும் அதே பழைய தூறல். மூன்றாவதில், அந்த ஒரு முழத்துக்கு மட்டும், கொட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினாள். கை நனைந்தது.

இறங்கி வந்து, ஒரு சொட்டும் படாமல் காய்ந்து கிடந்த தார்ப்பாயை மடித்தாள். மே மாதம் மேற்பார்வையாளர் ஆனாள். மூன்றாம் மாடி அகன்றுகொண்டே போனது; அங்கே பெரிய வாளிகள் வைத்தாள். ஏப்ரல் வந்தால் வெண்டெல், மேலே கொட்டுகிற சத்தத்தில் டி.வி. கேட்கவில்லை என்று முணுமுணுத்து, ஒலியைக் கூட்டி வைப்பான்.