பத்தடி முன்னால்

களக்காட்டுக்கு மேலே செக்போஸ்டில் எங்கள் பையைத் துழாவிய வனக்காவலர், பிளாஸ்டிக் கவரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். "லேசான பாதைதான் அண்ணாச்சி. ஆத்த விட்டு விலகாம பையப் பைய நடந்து போங்க. உள்ள இருக்க மரமெல்லாம் எங்க பூட்டன் காலத்துக்கும் முந்தினது" என்றார்.

ஜித்தாவில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு நான் ஏர்வாடிக்கே திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் மகன், மருமகள், கைக்குழந்தை. முஃபீதாவிடம் தனியாக ஒரு வார்த்தை பேச இடமில்லை. எனக்கோ அவளிடம் சொல்ல ஒன்று இருந்தது. மூன்றாம் வருஷமே கம்பெனி எனக்குக் குடும்ப விசா தந்தது. கிடைக்கவில்லை என்று அவளிடம் போனில் சொல்லிவிட்டேன். இன்றைக்கு அதைச் சொல்லிவிடுவது என்றுதான் அவளைக் காட்டுக்கு அழைத்து வந்தேன்.

பாதை உண்மையிலேயே லேசானதுதான். இடது பக்கம் பச்சையாறு பாறைகளில் இரைந்துகொண்டு போனது. கரையில் நீர்மருது மரங்கள். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. வெயில் தரைக்கு வரவில்லை. நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி அப்படித்தான் நடப்போம், பத்தடி விட்டு. என் வாப்பாவும் அப்படித்தான் நடந்தார். அது மரியாதையா வெட்கமா என்று யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம்.

"முஃபீதா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். திரும்பவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். விசா வந்ததை, அந்தக் கடிதத்தைப் பெட்டிக்கடியில் ஒளித்ததை. தங்கச்சி கல்யாணம், வாடகை என்று காரணம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ரூம்ல ஆறு பேரு. வெள்ளிக்கிழமை பிரியாணி, சீட்டு, ஏன் எதுக்குன்னு கேக்கதுக்கு ஆளில்ல. அது எனக்குப் பிடிச்சுப்போச்சு. நீ வந்தா போயிருமேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்" என்றேன். "என்ன மன்னிச்சிரு."

அழுகிறாளோ என்று திரும்பினேன். பாதை காலியாகக் கிடந்தது.

பதறிப்போய் வந்த வழியே ஓடினேன். இரண்டு வளைவுக்குப் பின்னால், ஒரு பாறையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் காலைப் போட்டிருந்தாள். ஐம்பது வயதில் புர்கா நுனியை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சிரித்தாள்.

"கூப்பிட்டேன், நீங்க நிக்கல. கையை ஆட்டிப் பேசிட்டே போனிய. ஆத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. என்ன மச்சான் சொன்னிய?"

"மரத்தப் பத்தி" என்றேன். இத்தனை பெரிய மனுஷனுக்கு வாயில் வந்தது அதுதான்.

பாறையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. இவ்வளவு பக்கத்தில் வெளியிடத்தில் நாங்கள் உட்கார்ந்ததே இல்லை. இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள்தான் பேசினாள். "ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும், சிரிக்கக் கூடாது. விசா வரும்னு அன்னைக்கு பாஸ்போர்ட் எடுத்தேம்லா, அத ரெண்டு தடவ புதுப்பிச்சேன். தம்பி உசாமாதான் யாருக்கும் தெரியாமக் கூட்டிட்டுப் போனான். திடீர்னு கூப்பிட்டியன்னா தயாரா இருக்கணும்லா. ஒரு பக்கத்துலகூட முத்திரை விழல."

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னால்தான் எனக்கு வருத்தம் என்று நினைத்திருக்க வேண்டும். ஈரக் கையால் என் முழங்கையைத் தொட்டாள்.

"ஒங்களக் குத்தம் சொல்லல மச்சான். நீங்களும் அங்கன ஒத்தையில எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பிய. கிடைக்கலன்னா நீங்க என்ன செய்விய?"

"ஆமா. நம்ம கையில என்ன இருக்கு" என்றேன்.

அன்றைக்கு அந்தப் பொய்யைப் போனில் சொன்னேன். இன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.