பெரிய ஸ்பீக்கர்

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இதை நலத்துறை அலுவலகத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. எல்லாரும் "அச்சச்சோ" என்பார்கள். அப்புறம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்து அங்கேயே படுத்துக்கிடந்தவன். பட்டறையை இழுத்து மூடியதும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டான். அங்கே கண்ணை மூடினால் பக்கத்தில் யார் வந்தாலும் அவனுக்குத் தெரியாது. அதனால் சுவரில் சாய்ந்து விழித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றால், என் வீடே ஓர் அறை. அதில் தையல் மெஷின், வீட்டுக்காரர், மாமியார்.

காது கேளாதோர் இல்லத்தில் ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. போன தடவை கூப்பிட்டார்களாம், இவன் வரவில்லையாம். காது கேட்காதவனை வாயால் கூப்பிட்டால் எப்படி வருவான் என்று நலத்துறையில் புகார் எழுதிக் கொடுத்திருந்தேன். இன்றைக்கும் விட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"உங்க புகாரை வெச்சுத்தாம்மா இதை வாங்கினோம்," என்று அதிகாரி சந்தோஷமாகக் கை காட்டினார். ஹாலின் மூலையில் பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர்.

"அவனுக்குக் கேக்காதே சார்."

"அதனாலதானே இவ்ளோ பெருசா வாங்கியிருக்கோம்!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "நான் பக்கத்துல நின்னு தொட்டுச் சொல்லிடறேன் சார்."

"கூட வந்தவங்க உள்ள இருக்கக் கூடாதும்மா. போன மாசம் ஒருத்தருக்குப் பதிலா அவரு மச்சான் பதில் சொல்லிப் பெரிய வம்பாப் போச்சு. கூப்பிட்டா அவங்கவங்களேதான் வரணும்."

வெளியே ஜன்னலோரம் போய் நின்று தம்பிக்குச் சைகை காட்டினேன். வாட்ச்மேன் ஓடிவந்தார். "கைய ஆட்டாதீங்கம்மா, ஆபீசருக்குக் கவனம் சிதறுது."

தம்பி லேசுப்பட்டவனா? அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒரு கையை அதன்மேல் வைத்தான். அப்படியே நின்றான். மைக்கில் யாரையோ கூப்பிட்டார்கள், பெட்டி அதிர்ந்தது. ஒரே பாய்ச்சலில் கவுண்டருக்குப் போனான்! "நீங்க இல்ல" என்று விரட்டினார்கள். திரும்பிப் போய்க் கையை வைத்தான். அடுத்த பெயருக்கும் போனான். அதற்கடுத்த பெயருக்கும். சக்கர நாற்காலியில் காத்திருந்த ஓர் அம்மா சிரிசிரி என்று சிரித்தாள். யாரைக் கூப்பிட்டாலும் முதல் ஆள் என் தம்பிதான். அவன் பெயருக்கும் அப்படியே போய் நின்றான். அப்பாடா, இனி கவலையில்லை என்று நினைத்தேன்.

அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

"ஸ்பீக்கர் பிரமாதமா வேலை செய்யுதும்மா. மேலிடத்துக்கே எழுதப் போறேன். உங்க தம்பிக்குக் காது நல்லாக் கேக்குது."

"என்னது?"

"கூப்பிட்டப்பல்லாம் வந்தாரே! காது கேக்கறவருக்கு அந்த இல்லத்துல இடம் கிடையாதும்மா."

"அடப்பாவி மனுஷா! அவன் கையை வெச்சுல்ல தெரிஞ்சுக்கிட்டான்!"

"எப்படியோ, வந்தாரா இல்லையா?"

தம்பி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கிடைத்துவிட்டதா என்று சைகையில் கேட்டான். அவனிடம் இல்லை என்று சொல்ல என் கை எழும்பவில்லை.

கிடைத்தது என்று காட்டினேன். இங்கேதான் என்று, ஸ்பீக்கருக்கு எதிர்மூலையில் கிடந்த நீள பெஞ்சைக் காட்டினேன். அவன் ஹாலை ஒரு தடவை பார்த்தான், என்னைப் பார்த்தான். அக்கா சொன்னால் சரிதான் என்று மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். தலைமாட்டில் நான் உட்கார்ந்தேன். நான் இருக்கிறேனா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவ்வளவுதான், தூங்கிப்போனான்.

அதிகாரி எழுந்து வந்தார். "இது என்ன சத்திரமா? எழுப்பும்மா அவர!"

"கூட வந்தவங்க தலையிடக் கூடாதே சார். நீங்களே கூப்பிடுங்க. அதான் இவ்ளோ பெருசா வாங்கியிருக்கீங்களே."

மைக்கை எடுத்தார். முதலில் மரியாதையாகக் கூப்பிட்டார். அப்புறம் கத்தினார். அதற்கப்புறம் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. சக்கர நாற்காலி அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். என்னவோ ஏதோவென்று வாட்ச்மேன் உள்ளே ஓடிவந்தார்.

தம்பி வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப எழுதுங்க சார்," என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா எழுதுங்க. அதுவரைக்கும் அவன் தூங்கட்டும்."