சின்ன கேபினெட்

ஜூலை மாத மழையில் வசுமதியின் லேப்டாப் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. டாக்குரியாவில் பழுதுபார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டு, ஈரம் போர்டுக்குள் இறங்கிவிட்டது, இதற்குச் செலவு செய்வது வீண் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அலுவலக வேலைக்கு அவளுக்கு அது தேவைப்படவில்லை. அவள் கணவன் வீரராகவன் அருணாச்சலப் பிரதேசத்தில் ஒரு நீர்மின் திட்டத்தில் தண்ணீர்ச் சுரங்கம் தோண்டும் பொறியாளன். போன வருஷம் இரண்டு வருஷப் பணிக்கென்று அங்கே மாற்றலாகிப் போயிருந்தான். மத்திய அரசு வேலையில் இருந்த வசுமதி பாலிகஞ்சில் வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இருவரும் அவரவர் இடத்திலிருந்து கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுவார்கள். ஒரே நெடுஞ்சாலையில் அவன் லாரி முன்னால் போகும், அவளுடையது பின்னால். காதில் ஹெட்போன். போனில் பேசினால் "சாப்டாச்சா, ஆச்சு" என்று ஐந்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். லாரி ஓட்டும்போது அப்படியில்லை. கொஞ்ச தூரம் சும்மா போவார்கள். பிறகு அவள் ஆபீஸில் யாரோ பேசியதைச் சொல்வாள், அவன் மெஸ்ஸில் போட்ட சாம்பாரைத் திட்டுவான். ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்.

புதிதாக ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. வசுமதிக்கு ஒரே நிபந்தனை, அது சின்னதாக இருக்க வேண்டும். முன்பு இருந்த நாக்பூரிலிருந்து மாற்றலாகி வந்தபோது அவர்களுடைய பெரிய டெஸ்க்டாப் ஒரு பக்கம் நசுங்கி வந்து சேர்ந்தது. "அடுத்த மாற்றல் வந்தா நானே பையில போட்டுத் தூக்கிண்டு ரயில் ஏறணும்" என்றாள்.

வீரராகவன் வேறு மாதிரி யோசித்தான். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், அதற்கேற்றபடி கரண்ட் கொடுக்கிற பெரிய எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று தினம் ஒரு குரல் செய்தி அனுப்பினான். செகண்ட் ஹாண்டில் எடுத்தால் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும் என்றான்.

"லாரி ஓட்டறதுக்கு அவ்வளவு எதுக்கு?"

"அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம், வசு. புதுசா வரதெல்லாம் ஓடணுமே."

அவள் ஆபீஸ் விட்டு வந்து தானாகவே படிக்க ஆரம்பித்தாள். சின்னதென்றால் விலை குறைவாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது தப்பு. இருப்பதிலேயே சின்ன மதர்போர்டு சாதாரண போர்டைவிட இரண்டு மடங்கு விலையாக இருந்தது. ஆகவே அதற்கு ஒரு படி பெரிய போர்டும், அது உள்ளே போகக்கூடிய சின்ன கேபினெட்டும் போதும் என்று வைத்துக்கொண்டாள். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசசர் எடுத்தால் தனிக் கார்டே வேண்டாம். ஆனால் அது படம் காட்டுவதற்கு மெமரியான ராமிலிருந்துதான் இடம் கடன் வாங்கும். அதனால் ராமில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போட வேண்டும். ராம் விலையோ வாராவாரம் ஏறிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ராஷ்பிகாரியில் மெட்ரோ ஏறி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சாந்தினி சௌக்கில் இறங்கினாள். ஷுபங்கர் என்பவரின் கடையை ஆபீஸில் ஒருவர் சொல்லியிருந்தார். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்த அவர், வசுமதி கேட்ட கேபினெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டு டிபன் கேரியரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான் இருந்தது. அவளுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

வீரராகவன் வீடியோ காலில் இருந்தான். அவன் கேட்டுக்கொண்டதற்காக ஷுபங்கர் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்தார். மூடிப்போன ஒரு கேமிங் பார்லரிலிருந்து வந்ததாம். மூன்று விசிறி வைத்து நீளமாக இருந்தது. கேபினெட்டுக்குள் சாய்த்துப் பார்த்தார், நேராக வைத்துப் பார்த்தார். முன்பக்கம் இரண்டு விரற்கடை இடித்தது.

"இதற்குப் பெரிய கேபினெட் எடுத்தால்தான் சரிவரும், தீதி" என்றார் ஹிந்தியில், அவளை அக்கா என்று அழைத்து.

"பெரிசே எடுத்துடு" என்றான் வீரராகவன். "கார்டுதான் முக்கியம்."

"எனக்குச் சின்னதுதான் வேணும்னு ஒரு மாசமா சொல்லிண்டிருக்கேன்."

"நீ இன்னிக்கு மட்டும் பார்க்கறே. நாலஞ்சு வருஷம் உழைக்க வேண்டாமா?"

"எதுக்கு நாலஞ்சு வருஷம்? அடுத்த ஜூன்ல நீங்க இங்க வந்துடப் போறேள். அப்புறம் ரெண்டு பேரும் ரெண்டு மெஷின்ல உட்கார்ந்துண்டு என்ன பண்ணப் போறோம்?"

திரையில் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் துடைப்பு எதற்கென்று அவளுக்குத் தெரியும். போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தாள்.

"என்ன விஷயம்?"

"அப்புறமா சொல்றேன், வசு."

"இப்பவே சொல்லுங்கோ."

"எக்ஸ்டென்ஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னும் ரெண்டு வருஷம்."

"எப்போ கொடுத்தேள்?"

"மே மாசம். சுரங்கத்துல பாறை இடிஞ்சு வேலை நின்னுபோச்சு இல்லையா. நான் தோண்ட ஆரம்பிச்ச சுரங்க முகப்பு. பாதியில இன்னொருத்தன் கையில கொடுத்துட்டு வர மனசு வரல்லே."

"என்கிட்ட கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே."

"அதனால பெரிய கார்டு வாங்கிக் கொடுத்தாச் சரியாப் போயிடும்னு நினைச்சேளா?"

"அப்படித்தான் நினைச்சேன் போலிருக்கு" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. நடைபாதைக் கடைக்காரர்கள் சார்ஜர்களின் மேல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடினார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. யாருக்காக வாங்குவது என்றும் தோன்றியது. ஆனால் வாரக்கணக்காக உட்கார்ந்து படித்தது அவள்தான், எது எதனோடு சேரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்காகவே வாங்கிக்கொள்கிறேன் என்று உள்ளே போனாள்.

கார்டு வேண்டாம் என்றாள். சின்ன கேபினெட், தான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த போர்டு, பிராசசர், இரண்டு ராம், ஒரு எஸ்.எஸ்.டி. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை ஷுபங்கர் காட்டினார். மலிவாக இருந்தது. கரண்ட் சரியாக வராவிட்டால் மற்ற எல்லாமே போகும் என்று படித்திருந்தாள். நல்ல கம்பெனியுடையதாகக் கேட்டு வாங்கினாள். நாங்களே பூட்டித் தருகிறோம் என்றதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பூட்டினாள். கேபிள்கள் பெரிய பெட்டிக்கு என்று செய்த நீளம். மடித்துக் கட்டி ஓரத்தில் திணிப்பதற்குள் விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. பட்டனை அழுத்தினாள். விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தாள். கடைசியில் ஒரு ராம் முழுசாக உட்காரவில்லை என்று தெரிந்தது. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் மெதுவாக அழுத்தியிருந்தாள். இந்த முறை 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை அழுத்தினாள். படம் வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

அன்றைக்கு அவனுக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவன் "ஓடறதா?" என்று கேட்டு அனுப்பிய செய்திகள் அப்படியே கிடந்தன. அவள் தனியாக லாரியை எடுத்து ஏதோ ஒரு கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள். படத்தின் தரத்தை நடுத்தரத்தில் வைத்தால் தடங்கல் இல்லாமல் ஓடியது. மழைக் காட்சியில் மட்டும் கொஞ்சம் திணறியது.

வியாழக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். அவன் உடனே வந்தான். திரையில் இரண்டு லாரிகளும் கிடங்கு வாசலில் நின்றன.

"ரெண்டு வருஷம் முடியாது" என்றாள். "ஒரு வருஷம்னு மாத்தி எழுதிக் கொடுங்கோ. அதுக்குள்ள முகப்பு திறந்தாலும் சரி, திறக்காட்டாலும் சரி."

"கேட்டுப் பார்க்கறேன்."

"கேட்டுப் பார்க்கறது இல்லை."

"சரி. எழுதிக் கொடுக்கறேன்."

மன்னிப்பு என்று அவன் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் மாற்றி எழுதிக் கொடுத்தான். துர்கா பூஜைக்கு முன்பே ஒரு வருஷத்துக்கு உத்தரவு வந்தது. மேலதிகாரிக்கு அதில் கொஞ்சம் வருத்தம் என்று சொன்னான். அவனுக்கும் வருத்தம்தான் என்பது குரலில் தெரிந்தது. அவள் அதைக் கவனிக்காத மாதிரி விட்டுவிடவில்லை.

"அந்தப் பாறை எப்படி இடிஞ்சுது?" என்று ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். இத்தனை நாள் அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அவன் சொல்ல ஆரம்பித்தான். முதலில் தண்ணீர் கசிந்தது, பிறகு களிமண் மாதிரி வழிந்தது, ஆட்களை எப்படி வெளியே கொண்டுவந்தார்கள் என்று. பாதியில் அவள் லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். முன்னால் போய்க்கொண்டிருந்த அவன் அதைப் பார்த்துத் தானும் நிறுத்தினான்.

"நிக்கட்டும்" என்றாள். "நீங்க சொல்லுங்கோ."