எண்ணெய்ச் சாமியின் முகம்

1

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது. போன ஆவணியில் ஓர் ஆன்மிக ஆவணப்படத்துக்குப் பின்னணி வாசகம் எழுதிக் கொடுத்தேன். அதன் முதல் வரி: ‘கருணை பொங்கும் அந்தக் கண்களை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை.’ எழுதி முடித்ததும், மேலகரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். அந்தக் கண்களை நான் கண்டதே இல்லை. பிறகு விசாரித்ததில், ஒருவருமே கண்டதில்லை என்று தெரிந்தது.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

சாரல் தூவிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஐந்தருவியின் ஐந்து கிளைகளும்— [விட்டுவிட்டேன். குற்றாலத்தைப் பற்றி எழுதுகிறவன் எல்லாரும் சாரலில்தான் தொடங்குகிறான். சாரலுக்கே அலுத்திருக்கும்.]

யார் அந்த மகான்? எங்கிருந்து வந்தார்? எதற்காக— [இது என் பின்னணி வாசகத்தின் குரல். இதை நம்பித்தான் ஒருமுறை கெட்டேன்.]

எண்ணெய்ச் சாமி என்பவர் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிட்டவர்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். கல்லில் உட்கார்ந்தால் பின்னால் நின்று தலையில் எண்ணெய் வைத்து, தட்டி, உருவி, பிடரியைப் பிசைந்துவிடுவார்கள். அந்த எண்ணெயோடு போய் அருவியில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் கடைசிக் கல் இவருடையது. இருபத்தெட்டு வருடம். சாரலுக்கு ஒரு துண்டை முக்காடாக இழுத்து விட்டிருப்பார். பேச்சு கிடையாது. ‘குனி’ என்பார். முடிந்ததும் ‘போ, குளி’ என்பார். அவர் கை தலையில் பட்டால் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது கரைந்து போகும் என்று முதலில் பத்துப் பேர் சொன்னார்கள், பிறகு ஊரே சொன்னது. சாமி என்று பெயர் வைத்ததும் ஊர்தான். அவர் அதற்கும் ‘குனி’ என்றுதான் சொல்லியிருப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் செய்த இடத்தில் தகரக் கூரை போட்டு விளக்கேற்றுகிறார்கள். இரண்டாவது குருபூஜைக்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்று பக்தர் குழு தீர்மானம் போட்டது, வாசகம் எழுத என்னைப் பிடித்தது. மாலை போடுவதற்கு ஒரு போட்டோ கொண்டு வாருங்கள் என்றபோதுதான் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.*

3

*ஆதார் அட்டையில் முகம் இருக்குமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவருக்கு ஆதார் கிடையாது, ரேஷன் கார்டும் கிடையாது. அருவிக்கரை கேமராவில் இருக்குமே? குழுவில் இருக்கும் உமாராணி காவல்துறையில் ஏட்டு. அவர் கேட்டுப் பார்த்துவிட்டார். பழைய பதிவு எல்லாம் அழிந்து, அதன்மேல் புதிது ஏறிவிட்டது.

போட்டோ இல்லாவிட்டால் போகட்டும், பார்த்தவர்கள் சொல்லலாம் அல்லவா? கேட்டோம். தாடி உண்டு என்றார் உமாராணி. தாடியாவது ஒன்றாவது, மீசைதான் என்றார் ஐந்தருவி டீக்கடை முகம்மது மீரான். தினமும் டீ கொடுத்தவராயிற்றே என்று மடக்கினேன். “டீய நீட்டுதப்ப கிளாஸத்தான பாப்போம், மூஞ்சியயா பாப்போம்?” என்றார். பன்னிரண்டு வருடம் பக்கத்துக் கல்லில் நின்று தொழில் செய்த இசக்கிமணியிடம் போனேன். “சாதாரண மூஞ்சிதான் சார். ஒம்மள மாதிரி, என்னைய மாதிரி. பக்கத்துல நிக்கவன யாரு பாக்கா? ஆளு வருதான்னு வழியத்தான் பாப்போம்.”

பக்தர்கள் கதை அதைவிட மோசம். எண்ணெய் தேய்க்க உட்காருகிறவன் முதுகைக் காட்டித்தான் உட்காருவான். தேய்த்து முடிக்கும்போது எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தடவித் தடவி அருவிக்குப் போவான். குளித்துவிட்டு வரும்போது கல்லில் அடுத்த தலை இருக்கும், சாமி அதன்மேல் குனிந்திருப்பார். இருபத்தெட்டு வருடத்தில் அவரிடம் தலை கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களும் குருவுக்கு முதுகு காட்டியவர்கள்தான். வேறெந்த ஊர்ப் பக்தர்களுக்கும் இந்தப் பிழை வாய்க்காது.

4

இனி அய்யாக்குட்டி அண்ணாச்சி. குழுவின் தலைவர். தென்காசியில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். எழுபத்தொரு வயது.

ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மகன் சுடலைராஜ் ராணுவத்தில், எல்லையில், பனிச்சரிவில் செத்துப்போனான். கொடி போர்த்தி வந்த பெட்டியைப் பார்த்தும் அண்ணாச்சி அழவில்லை. நாற்பது நாள் அழவில்லை. கடையில் உட்கார்ந்து சுவிட்சுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். யாரோ பிடித்து இழுத்து வந்து அந்தக் கல்லில் உட்கார்த்தினார்கள். சாமி உச்சியில் கை வைத்தார். அண்ணாச்சி வாய்விட்டுக் கதறினார். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் போனார்.

அவருக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் ஒரு வருடம் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒருநாள் கடையில் வைத்துச் சொன்னார்:

“எத்தன தடவ போயிருப்பேன்? ஒருக்கா திரும்பி ‘நல்லா இருக்கீரா’ன்னு கேட்டிருக்கலாம்லா? கேக்கலய்யா. எம் புள்ளைக்கு நான் அழ முடிஞ்சது அவராலதான். கண்ணு இருக்கும்போதே அவரு மொகத்த ஒருக்கா பாத்துரணும்.”

கண்ணுள்ளபோதே அந்த முகம். இந்தக் கதையில் யாருக்காவது ஏதாவது வேண்டும் என்றால் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் எழுத்து.

5

படம் எடுத்துத் தர யாரைப் பிடிப்பது? அண்ணாச்சி கடை மாடியில் கூட்டம். இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் சென்னைக் கம்பெனி. மூன்று பேர், ஒரே நிறச் சட்டை. பல கோயில்களுக்குப் படம் எடுத்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள். அருவியின் மேலிருந்து ட்ரோன், பின்னணியில் வயலின், வரி விடாமல் என் வாசகம். (என் வாசகத்தை அவர்கள் பாராட்டியதால் அவர்களை எனக்குப் பிடித்திருந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.) “சாமி எப்படி இருப்பார்னு சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல முகத்தை உருவாக்கிடலாம்” என்றார்கள். அண்ணாச்சி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அடுத்து பெர்சிஸ். தென்காசியில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறவள். கேரள எல்லையோரம் புளியறையில் ஒரு நிச்சயதார்த்தத்தை முடித்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவிய எங்கன நிப்பாவ?”

“பின்னால நிப்பாரு” என்றார் அண்ணாச்சி.

“அப்ப கேமராவும் அங்கனதான் நிக்கணும். நீங்க அவியளப் பாக்கல. அவிய ஒங்களப் பாத்திருக்காவல்லா? அவிய பாத்தத எடுப்போம்.”

 உமாராணி கேட்டார். “நீ சர்ச்சுக்குப் போற புள்ள. இது ஒனக்கு எப்பிடிம்மா பிடிபடும்?”

“எங்க சபையிலயும் தலையில கை வச்சுத்தாங்க்கா ஜெபம் பண்ணுவாவ. எங்கம்மா இறந்தன்னைக்கு எந்தலையிலயும் ஒரு கை இருந்துச்சு. யாரு கைன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

போகும்போது என்னிடம் நின்றாள். “சார், அந்த மொத வரிய எடுத்துருங்க. கண்ணக் கண்டவரு யாரு?” எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

6

பத்து நாளில் சென்னையிலிருந்து, மாதிரிக்கு என்று, என் போனுக்கு முகம் வந்தது.

வெண்தாடி, பொன்னிறம், தலைக்குப் பின்னால் மெல்லிய ஒளி. கண்களில் கருணை பொங்கியது. ஆம், என் வரியைப் படித்துத்தான் செய்திருந்தார்கள். உமாராணி கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என் பொய்க்கு உயிர் வந்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி போனை மூக்குவரை கொண்டுபோய், வலது கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

“இவருதான்னு நீங்க சொன்னா நான் நம்பிருவேன்யா” என்றார். “அதான் பயமா இருக்கு. தெனமும் கும்புட்டுக்கிட்டே கண்ண மூடிருவேன். கடைசியில வேற யாரையோ கும்புட்டிருந்தேன்னா?”

போனை என் கையில் கொடுத்தார். “அந்தப் புள்ளைய வரச்சொல்லும்.”

ஆசைப்பட்டது கைக்கு வந்தபோது அதை வேண்டாம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கண் மங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் அதைச் சொன்னார். அன்றிரவு என் முதல் வரியை அடித்தேன். அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

7

[இங்கே ஒரு சந்தேகம். பெர்சிஸை நான் ரொம்பவும் தூக்கிவைத்து எழுதுகிறேனோ? ஒரு பாத்திரம் என்றால் குறை வேண்டும். சரி: எந்த இடத்துக்கும் நேரத்துக்கு வரமாட்டாள். பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். புரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டுவிட்டு வேலையில் மறந்துவிடுவாள், அது கூழாகிப் போகும். போதுமா?]

போதாது, அவள் செய்ததைச் சொன்னால் மறுபடியும் புகழ்ச்சிதான் வருகிறது. கல்யாணம் முடிந்த ஜோடிகளை அருவிக்கரையில் நிறுத்திப் படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பதினொரு வருடத்துக் கல்யாணங்கள் அவளுடைய ஹார்டு டிஸ்குகளில் கிடந்தன. முழுவதையும் போட்டுப் பார்த்தாள். பகலில் வேலை, மற்ற நேரமெல்லாம் மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பின்னால் இருக்கிற கூட்டத்தைத் தேடுவது. பத்தொன்பதாம் நாள் கிடைத்தது. சிவகிரிப் பெண் ஒருத்தி வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு துண்டு முக்காடு, குனிந்த ஒரு தலை, அதன்மேல் இரண்டு கைகள். மூன்று வினாடி. முகம் இல்லை.

அதை அண்ணாச்சி கடையிலிருந்த பெரிய டிவியில் போட்டுக் காட்டினாள். அவர் எழுந்துபோய்த் திரையோடு ஒட்டி நின்றார்.

“கைதான்” என்றார். “அந்தக் கைதான்.” கொஞ்சம் பொறுத்து, “திரும்பப் போடு தாயி” என்றார். அவள் பதினான்கு முறை போட்டாள். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

8

படப்பிடிப்பு புரட்டாசியில். மழை விட்டு அருவி அளவாக விழுந்துகொண்டிருந்தது. கடைசிக் கல்லுக்குப் பின்னால், சாமி நின்ற இடத்தில் பெர்சிஸ் கேமராவுடன் நின்றாள். பக்கத்தில் இசக்கிமணி எண்ணெய்க் கிண்ணத்துடன் நின்றார். பக்தர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். கேமராவுக்குத் தெரிந்ததெல்லாம் பின்னந்தலைகள்.

பின்னந்தலையில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். எல்லாம் இருக்கிறது. சுழி இருக்கிறது, மாறாத தழும்பு இருக்கிறது, முன்பக்கம் சாயம் பூசியவரின் நரை பின்னால் அப்படியே இருக்கிறது. உமாராணியின் போலீஸ் கொண்டை அவிழ்ந்ததும் அது பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தலையாகிவிட்டது. முகத்தை வைத்துப் பொய் சொல்லலாம். பிடரிக்கு அது வராது. இருபத்தெட்டு வருடம் அந்த மனிதர் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு சொல் பேசாமல்.  சாமி என்று ஊர் வைத்த பெயர் சரிதான் என்று அங்கேதான் எனக்குப் பட்டது.

கடைசியாக அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“குனியும் அண்ணாச்சி” என்றார் இசக்கிமணி.

உச்சந்தலையில் கை பட்டது. தட்டும் சத்தம் அருவிச் சத்தத்தோடு கலந்து கேட்டது. அண்ணாச்சியின் தோள் குலுங்கியது. எண்ணெய் நெற்றியில் இறங்கியது. எல்லாரும் எழுந்து அருவிக்குப் போகிற நேரம் வந்தது. அவர் எழவில்லை.

“பெர்சிஸு, திரும்பட்டுமா?” என்றார், முன்னால் பார்த்தபடியே.

9

முடிவை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் திரும்புகிறார். எண்ணெய் எரியும் ஒற்றைக் கண்ணில் இசக்கிமணியின் முகம் மங்கலாகத் தெரிகிறது. சாதாரண மூஞ்சி. அவரைப்போல், என்னைப்போல். அண்ணாச்சி ஒன்பது வருடமாக வைத்திருந்ததைக் கேட்டுவிடுகிறார்: “நல்லா இருக்கீரா?” இசக்கிமணிக்கு—

[அல்லது]

அவர் திரும்பவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். ‘கண்ணு போனப்புறமும் இப்பிடித்தான இருக்கும், பழகிக்கிடுதேன்’ என்று சொல்லிவிட்டு, தடவித் தடவி அருவியை நோக்கி—

இரண்டில் ஒன்று நடந்தது. நான் அங்கேதான் இருந்தேன், எனக்குத் தெரியும். ஆனால் பெர்சிஸ் தன் படத்தை அந்தக் கேள்வியோடு நிறுத்திவிட்டாள். ஐப்பசியில் தகரக் கூரைக்குக் கீழே படம் ஓடி முடிந்தபோது, அவர் முகம் தெரிகிறதா என்று திரைக்குப் பின்னால் போய் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருமுறை இல்லாததை எழுதிக் கெட்டவன் நான். இந்தமுறை இருப்பதையும் எழுதாமல் விடுகிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கதை தொடங்கியதிலிருந்து அண்ணாச்சியின் முகம் எப்படி இருக்கும் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இவ்வளவு நேரமும் நீங்கள் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள். எழுபத்தொரு வயதுத் தலை, நடுவில் வழுக்கை, இரண்டு சுழி, எண்ணெய் மினுங்குகிறது. அதன்மேல் இருப்பது உங்கள் கை.

திரும்பட்டுமா என்று கேட்கிறார். சொல்லுங்கள்.