தீவுக்குப் போய் வந்தவர்

குதிரைவண்டிக்காரன் சங்கையா பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டபோதே காசிராஜனுக்குச் சந்தேகம் தட்டியது.

1941, பங்குனி மாதத்து மத்தியான வெயில். மானாமதுரையில் ரயிலை விட்டு இறங்கி, நரிக்குடி, திருச்சுழி வழியாக வருகிற பஸ்ஸில் புழுதியைத் தின்றுகொண்டே அவர் அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்திருந்தார். மிளகாய் வத்தல் வியாபாரி. இரண்டு மாதத்துக்கு முன் சரக்கோடு கொழும்புக்குப் போனவர். இருபத்தைந்து வருஷமாக விலை பேசியே வாழ்கிறவர். வண்டிக்கு ஓரணா என்று இவர் சொன்னால், அவன் மூன்றணா கேட்க வேண்டும். கொள்ளு விற்கிற விலையைச் சொல்லிக் குதிரையின் விலா எலும்பைக் காட்ட வேண்டும். இவர் நடந்தே போகிறேன் என்று நாலடி நடக்க வேண்டும். அவன் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இரண்டணாவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு, ஓரணா என்ற சொல் வாயை விட்டு வருமுன் சங்கையா கும்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். குதிரைகூட அவரைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரே பேச்சில் படிகிறவன் ஒன்று திருடன், இல்லாவிட்டால் நம்மைக் கண்டு பயந்தவன். சங்கையா திருடன் இல்லை.

கடைத் தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். போன வருஷம் ஈர வத்தலை இவர் தலையில் கட்டிய தரகன், வண்டியைக் கண்டதும் சந்துக்குள் புகுந்து ஓடினான். வழியெல்லாம் வாயைத் திறக்காமல் வந்த சங்கையா, வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுத்தான் மெல்லக் கேட்டான்.

"சீக்கிரமே விட்டுட்டாகளா முதலாளி?"

யார், எதை விட்டார்கள் என்று கேட்பதற்குள் அவன் ஓரணாவைக்கூட வாங்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் கோகிலாம்பாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்ததும் முறம் நின்றது. தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம், முன்பு இல்லாத ஒரு சின்னத் தொந்தி. தொந்தியில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உள்ளே போய் ஒரு தபால் கார்டை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள்.

அவர் எழுதிய கார்டுதான். தபால் முத்திரையில் மை அப்பி எந்த ஊர் என்று தெரியவில்லை. "தீவில் இருக்கிறேன். இங்கே வேலை கிடையாது. வேளைக்குச் சோறு வருகிறது. சுற்றிலும் தண்ணீர். யாரும் தேடி வர வேண்டாம். விட மனசு வந்தால் பங்குனிக்குள் வருவேன்."

இதில் என்ன குற்றம் என்று அவருக்கு விளங்கவில்லை. கோகிலாம்பாளின் தம்பி சின்னத்துரை, இரண்டு மாதமாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறவன், சாப்பிட வந்தவன், அத்தானைக் கண்டதும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். அக்காவுக்குக் கார்டைப் படித்துச் சொன்னவன் அவன்தான். அவன் சொன்ன பிறகுதான் காசிராஜனுக்கு எல்லாம் விளங்கியது.

அந்தக் கரிசல்காட்டில் கடல் தாண்டிப் போகிறவன் வியாபாரத்துக்குப் போனால் கொழும்புக்குப் போனான் என்பார்கள். பாவம் தீர்க்கப் போனால் ராமேஸ்வரம் போனான் என்பார்கள். இரண்டையும் யாரும் தீவு என்று சொல்வதில்லை. தீவு என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்தமான். கொலை செய்தவனைக் கப்பலேற்றி அனுப்புகிற இடம். தீவுக்குப் போனவன் வீட்டில் பெண் எடுக்கலாமா கூடாதா என்பதற்குத் தனிப் பஞ்சாயத்தே உண்டு.

"நீங்க என்ன செஞ்சீகன்னு மண்டியில எல்லாரும் கேட்டாக. சும்மா ஒருத்தரத் தீவுக்கு அனுப்புவாகளா? நான் ஒரு காரணம் சொல்ல வேண்டியதாப் போச்சு அத்தான்" என்றான் சின்னத்துரை.

சொன்ன காரணம் இது. கொழும்பில் ஒரு கடைக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைத்து எடையில் ஏமாற்றினான். காசிராஜன் அதைக் கண்டுபிடித்து, கொத்து அரிவாளை எடுத்து அங்கேயே அவன் கதையை முடித்துவிட்டார்.

ஊர் முழுக்க அதை நம்பியது. நம்பியது மட்டுமல்ல, மெச்சியது. தராசில் கை வைத்தவனை வெட்டியது வியாபாரிகள் நெஞ்சில் தேன் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு கடைகளில் தராசு தானாகவே சரியாகியிருந்தது.

காசிராஜனுக்கு உச்சந்தலையில் கோபம் ஏறியது. அவர் ஈ எறும்பைக்கூட யோசித்து அடிக்கிறவர்.

நடந்தது வேறு. கொழும்பில் சரக்கை நல்லபடியாகத் தள்ளிவிட்டு, தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கி ரயிலேறினார். பாம்பனில் ரயில் நின்றது. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. எதற்கென்று தெரியாமலே பெட்டியோடு இறங்கிவிட்டார். மீனவக் குப்பத்தை ஒட்டி ஓர் ஓலைக் குடிசையில் பத்து நாள் தங்கினார். காலையில் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்க்காத ஊரில் பிறந்த மனுஷனுக்கு அது முதலில் பயமாக இருந்தது, பிறகு வெளியே வருவதுதான் பயமாக இருந்தது. மத்தியானம் தூங்கினார். எழுந்து, மறுபடி தூங்கினார். அவரிடம் யாரும் விலை கேட்கவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை. நாலாம் நாள் என்ன கிழமை என்பது மறந்துபோனது. தனியாக உட்கார்ந்து இரண்டு முறை சிரித்தார். எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது.

ராமேஸ்வரமும் அதே தீவுதான். கோபுரம் தூரத்தில் தெரிந்தது. போகவில்லை. போனால் நாற்பது வீட்டுக்குத் தீர்த்தம் சுமந்து வர வேண்டும். அதனால்தான் கார்டில் ஊர்ப் பெயரை எழுதாமல் தீவு என்று கெட்டிக்காரத்தனமாக எழுதினார். கெட்டிக்காரத்தனம் அங்கேதான் முடிந்தது.

இதையெல்லாம் அவர் கோகிலாம்பாளிடம் சொன்னார். புருஷன் கொலைகாரன் இல்லை என்று தெரிந்ததும் முகம் தெளியும் என்று அவர் எதிர்பார்த்தார். தெளியவில்லை. அவளுடைய கழுத்து நரம்பு புடைத்தது.

"சும்மாவா இருந்தீக?"

"சும்மாதான்."

"பத்து நாளு."

"ஆமா."

"நான் இங்க பூ வைக்காம, தெருவுல தலை காட்டாம, ஒருவேளை கஞ்சி குடிச்சுக்கிட்டு..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. முறத்தைச் சுவரில் சாத்தினாள். அது சாய்ந்து விழுந்தது. எடுக்கவில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. மகள் மாரிக்கனிக்குப் பாலவனத்தத்தில் பருப்பு வியாபாரி சௌந்தரபாண்டியன் மகனைப் பேசி, பரிசம் போட்டாயிற்று. வைகாசியில் கல்யாணம். தீவுச் சேதி கேட்டதும் அந்தச் சம்பந்தம் முறியும் என்று கோகிலாம்பாள் நடுங்கியிருந்தாள். ஆனால் சௌந்தரபாண்டியனே வந்து, தராசு நேர்மைக்காக உள்ளே போனவர் வீட்டுப் பெண் தன் வீட்டுக்கு வருவது பெருமை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது காசிராஜன் ஊர் வந்த சேதி அவர் காதுக்கு எட்டியிருக்கும். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார். அப்பீலில் ஜெயித்து வெளியே வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சின்னத்துரை யோசனை சொன்னான்.

"நான் ஏன்டா பொய் சொல்லணும்? நான் யாரையும் வெட்டல. கடல்ல குளிச்சேன், தூங்குனேன். இதச் சொல்ல எனக்கு என்ன பயம்?" என்று காசிராஜன் கத்தினார். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேரத்துக்கு இடம் கொடுக்காமல் ஒரே பேச்சில் நின்றார்.

சௌந்தரபாண்டியன் வெயில் தாழ வந்தார். கூடவே ஒரு சீப்புப் பழமும் கல்கண்டும். காசிராஜனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த மரியாதைதான் காசிராஜனை இன்னும் எரிய வைத்தது. தான் வெட்டாத ஒருவனுக்காகத் தன் கையை இன்னொருவர் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். உட்காரச் சொல்லி, ஒன்று விடாமல் சொன்னார்.

சௌந்தரபாண்டியன் பொறுமையாகக் கேட்டார். சரக்கைப் புரட்டிப் பார்த்துக் கேட்கிறவர் மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்கவும் செய்தார். யார் கூட இருந்தார்கள்? யாரும் இல்லை. யாரையாவது பார்க்கப் போனாரா? இல்லை. கோயிலுக்கு? இல்லை. தீர்த்தம்? இல்லை. உடம்புக்கு எதுவும் சீக்கா, வைத்தியமா? சீக்கு ஒன்றும் இல்லை. சரி, எதற்காக இருந்தார்? எதற்காகவும் இல்லை.

சௌந்தரபாண்டியன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குரலில் சூடு இல்லை. அதுதான் மோசம்.

"அண்ணாச்சி, கோவத்துல ஒருத்தர வெட்டிட்டாருன்னா அது ஒரு நிமிசம். யாருக்கும் வரும். எங்க சனத்துக்கிட்ட சொல்லிருவேன். ஆனா பங்குனி மாசம், வத்தல் மண்டிக்கு வந்து குவியுற நேரம், மக கல்யாணத்த வச்சுக்கிட்டு, ஒரு மனுசன் தனியாப் போயி பத்து நாளு சும்மா உக்காந்திருந்தாருன்னா அத நான் எப்படிச் சொல்லுவேன்? ஒண்ணு அங்க ஒருத்தி இருக்கணும். இல்ல, மண்டையில கோளாறு இருக்கணும். ரெண்டும் பரம்பரையா வாரதுதான்."

"அப்ப நான் ஒருத்தன வெட்டியிருந்தா உங்களுக்குச் சம்மதம்."

"வெட்டியிருந்தீகன்னா பேச்சே இல்லயே அண்ணாச்சி."

பரிசத் தட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லப்போகிறார் என்பது அந்த மனிதர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. போகட்டும், இப்படிப்பட்ட சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல அவர் எழுந்தார்.

கோகிலாம்பாள் முந்திக்கொண்டாள். முந்தானையை இழுத்து மூடியபடி கதவோரம் வந்து நின்றாள். அவள் முகத்தில் இருந்த கோபத்தைச் சௌந்தரபாண்டியன் துயரம் என்று எடுத்துக்கொண்டார். அவளும் அதைத் திருத்தவில்லை.

"அண்ணே, இவுக வந்ததுலருந்து இப்படித்தான் பேசுறாக. கடலுங்கிறாக, தூங்குனேங்கிறாக, தனியாச் சிரிச்சேங்கிறாக. அங்க என்ன அடி அடிச்சாகளோ. நீங்களே சொல்லுங்க, வத்தல் வரத்து நேரத்துல இவுக சும்மா உக்காருற ஆளா?"

சௌந்தரபாண்டியன் காசிராஜனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மெல்ல அவருடைய கண் கலங்கியது. அடியில் வந்த கோளாறு பரம்பரையாக வராது. சரக்குக் கணக்கு நேரான வியாபாரியின் நிம்மதி முகத்தில் வந்தது. காசிராஜனின் தோளைத் தட்டினார். அங்கே பட்டதையெல்லாம் மறந்துவிடும்படி சொன்னார். கல்யாண வேலைகளைத் தானே முன்னின்று செய்வதாகவும், சம்பந்தியை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்றும் சின்னத்துரைக்கு உத்தரவு போட்டார். காசிராஜன் தான் சொன்னது அத்தனையும் நிஜம் என்று மறுபடி சத்தமாகச் சொன்னபோது, ஆமாம் ஆமாம் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, பழத்தையும் கல்கண்டையும் வைத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சின்னத்துரையும் கடையைச் சாக்கிட்டு நழுவினான்.

காசிராஜன் திரும்பினார். வாழ்நாளில் தனக்கென்று கிடைத்தது அந்தப் பத்து நாள்தான், அதையும் அடிபட்டவன் உளறலாக்கி ஊருக்குக் கொடுத்துவிட்டாளே என்று கத்தினார். இனிமேல் அதைப் பற்றி எவனிடமும் வாய் திறக்க முடியாது. திறந்தால் பாவம் என்று உச்சுக்கொட்டுவான். தான் சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்லக்கூட ஒரு மனுஷனுக்கு இந்த ஊரில் உரிமை இல்லையா என்று கேட்டார்.

கோகிலாம்பாள் விழுந்து கிடந்த முறத்தை எடுத்தாள். சிதறிய உளுந்தை வாரினாள். அவள் நிமிர்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. அவருடைய கத்தலைவிட அது அவரை அதிகம் பயமுறுத்தியது.

"அந்தக் குடிசையில தனியாப் போற பொம்பளைக்கு இடம் குடுப்பாகளா?"

"குடுப்பாக. ஒரு கிழவிதான் பாத்துக்கிடுறா."

"கல்யாணம் முடிஞ்ச மறுநா நான் போறேன். பத்து நாளு. உங்களுக்குப் பருப்புப்பொடி இடிச்சு வச்சுட்டுப் போவேன்னு நெனைக்காதீக. யாரும் வரவேண்டாம்."

வீட்டை யார் பார்ப்பது, அடுப்பை யார் மூட்டுவது என்ற கேள்விகளெல்லாம் அவர் தொண்டைவரை வந்தன. அவள் முகத்தைப் பார்த்து அவற்றை விழுங்கினார். மிஞ்சியது ஒன்றே ஒன்று.

"ஊருல கேட்டா நான் என்ன சொல்றது?"

கோகிலாம்பாள் உளுந்தை ஒரு தட்டுத் தட்டிப் புடைத்தாள்.

"நான் ஒருத்திய வெட்டிட்டுத் தீவுக்குப் போயிட்டேன்னு சொல்லுங்க. ஒத்துக்கிடுவாக."