ஒரு பாராவுக்கு ஒரு விஷயம்

பெண்டாட்டி எழுதிய கட்டுரையை வாத்தியார் வகுப்பில் உரக்க வாசித்தால் புருஷனுக்குப் பெருமையாகத்தான் இருக்க வேண்டும். வில்பிரட்டுக்கு வயிறு எரிந்தது.

குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி ரோட்டுச் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் அந்த ஐஇஎல்டிஎஸ் வகுப்பு, வெளிநாடு போகிறவர்கள் எழுத வேண்டிய இங்கிலீஷ் பரீட்சைக்கு. பத்ரிநாராயணன் சார் ஷீலாவின் தாளைத் தூக்கிப் பிடித்தார். "பாருங்க, முதல் வரியிலயே என்ன சொல்லப் போறாங்கன்னு தெரிஞ்சிடுச்சு. அப்புறம் காரணம், ஒரு உதாரணம், முடிஞ்சுது. ஒரு பாராவுக்கு ஒரு விஷயம்!" அடுத்து வில்பிரட்டின் தாள். "வார்த்தையெல்லாம் பிரமாதம் சார். ஆனா எங்க போறீங்கன்னுதான் தெரியல." வகுப்பே சிரித்தது. ஷீலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன்மேல் இரக்கப்பட்டது அவனுக்கு இன்னும் சுருக்கென்றது.

இரண்டு பேரும் கனடா போக முயன்றுகொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் ரைட்டிங்கில் ஒன்பதுக்கு ஏழு வாங்கிவிட்டால் போதும், அவர் பெயரில் விண்ணப்பம், மற்றவர் துணையாகப் பின்னால் போகலாம் என்று தாம்பரத்து ஏஜென்ட் சொல்லியிருந்தான். வயது ஏற ஏற விண்ணப்பத்துக்குக் கனடாவில் போடும் புள்ளி குறையும், இந்த வருஷத்தை விட்டால் கஷ்டம் என்றும் சொல்லியிருந்தான். முன்னால் போகிறவன் தான்தான் என்பதில் வில்பிரட்டுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கான்வென்டில் படித்தவன், நாவலூர் ஆபீசில் தினமும் வெள்ளைக்காரனோடு பேசுகிறவன். ஷீலா பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். கேஸ் கம்பெனிக்கு ஒரு புகார் அனுப்புவதென்றாலும் அவனிடம்தான் கேட்பாள்.

அவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவள் ஜெபிக்கிற விதம்தான் ஞாபகம் வந்தது. முதலில் ஸ்தோத்திரம். பிறகு வியாதியஸ்தர்கள், ஒருவருக்கு ஜெபித்து முடித்த பிறகே இன்னொருவர். ஆமென். வில்பிரட் ஜெபித்தால் கதையே வேறு. யாரோ ஒருவரின் முழங்கால் வலியில் ஆரம்பித்து, ராஜகீழ்ப்பாக்கத்து மழைத் தண்ணீருக்குத் தாவி, தேசத் தலைவர்களைத் தொட்டு, மறுபடி முழங்காலுக்கே திரும்புவான். சமோசா ஆறுகிறதே என்று கூட்டத்துக்கு வரும் டெபோரா அக்கா இருமிக் காட்டுவாள். இரண்டு பேரும் இங்கிலீஷையும் அவரவர் ஜெபிக்கிற மாதிரியேதான் எழுதினார்கள்.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் ஷீலா ஒரு கட்டுரையோடு வந்தாள். "என்னங்க, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

வாசித்தான். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. விண்ணப்பத்தில் இவள் பெயருக்குப் பின்னால் 'கணவன்' என்று தன் பெயர் வருவதை நினைத்துப் பார்த்தான். சிவப்புப் பேனாவை எடுத்தான்.

"ரொம்பச் சின்னப்புள்ளத்தனமா இருக்கு ஷீலா. எல்லாத்தையும் முதல் வரியிலயே சொல்லிட்டா எவன் மேல படிப்பான்? கடைசில சொல்லு. பாராவ இப்படித் துண்டு துண்டா வெட்டாத, சேத்து எழுது. நாலு பெரிய வார்த்த போடு."

"சார் ஒரு பாராவுக்கு ஒரு விஷயம்னு சொன்னாரே?"

"அது புதுசா கத்துக்கறவங்களுக்கு. பரீட்சைல எடுபடாது."

அவள் ஒரு கணம் தாளைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, மேஜையில் உட்கார்ந்து அவன் சொன்னபடியே திருப்பி எழுதினாள். நடுவில் எழுந்து போய் அவனுக்குக் காபியும் போட்டுக் கொடுத்தாள். அதைக் குடிக்கும்போது, இப்போதாவது வாயைத் திற என்று தனக்கே சொல்லிக்கொண்டான். திறக்கவில்லை.

மதிப்பெண் வந்தது. கேட்பது, படிப்பது, பேசுவது எல்லாவற்றிலும் இரண்டு பேருக்கும் நல்ல மார்க். ரைட்டிங்கில் மட்டும் ஷீலாவுக்கு ஆறு, அவனுக்கும் ஆறு.

பத்ரிநாராயணன் சார் போன் செய்தார். ஷீலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படிம்மா ஆறு? வகுப்புல எழுதின மாதிரிதானே எழுதினீங்க?"

"இல்ல சார். என்னோடது சின்னப்புள்ளத்தனமா இருந்துச்சு, இவர்தான் உக்காந்து திருத்திக் குடுத்தாரு. இல்லன்னா அஞ்சுகூட வந்திருக்காது சார்."

"உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்காரு சார், குடுக்கட்டா?"

"வேணாம்மா" என்று வைத்துவிட்டார்.

வில்பிரட்டுக்குக் காது சுட்டது. கனடா கைநழுவிப் போயிற்று, அதையும் தானே கெடுத்தோம் என்று நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு மூலையில், அவளுக்கும் ஆறுதானே என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அடக்க முடியாமல் அவன் தரையைப் பார்த்தான்.

ஷீலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "விடுங்க. அடுத்த தடவ அந்த கிளாஸே எனக்கு வேணாம். மொதல்லேருந்து நீங்களே சொல்லிக் குடுங்க."

"சரி" என்றான் வில்பிரட்.