சாக்பீஸ் கோடு

யாராவது எனக்கு நல்லது செய்ய வந்தால், அவர்களுடைய இன்னொரு கையைத்தான் முதலில் பார்ப்பேன். மேனேஜர் திங்கட்கிழமை என்னை உட்காரச் சொல்லி, தன் கையாலேயே தேநீர் ஊற்றித் தந்தபோதும் அப்படித்தான் பார்த்தேன்.

"வெளியூர்ல புதுக் கிளை ஆரம்பிக்கிறோம். நீங்கதான் அங்க தலைமை மெக்கானிக். ரயில்ல பன்னிரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க" என்றார்.

பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் நான். இந்த ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இத்தனை வருஷம் இவர் கண்ணில் படாத என் திறமை இப்போது மட்டும் எப்படிப் பட்டது? போதாததற்கு, மேசையில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்றை என்னிடம் நீட்டினார். மற்றதைக் கோப்புக்கு அடியில் தள்ளினார். போகமாட்டேன் என்றால் சீட்டைக் கிழிக்கும் கடிதம் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். சொத்தைப் பல்லோடு வருகிறவரிடமே நாற்பது கேள்வி கேட்பவள், என்னிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"சரி, பெட்டியை எடுத்து வைக்கிறேன்" என்றாள். சொன்னபடியே என் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கினாள். இவ்வளவு அவசரம் எதற்கு? என்னை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்க்கிறாளா? அவள் சமையலறைக்குப் போனதும், பெட்டியின் மூடியையும் உடம்பையும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன்.

அது எங்கள் தொழில் பழக்கம். லிஃப்டைத் தூக்கும் கம்பிக்கயிறு சக்கரத்தில் நழுவுகிறதா என்று பார்க்க, கயிறு, சக்கரம் இரண்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போடுவோம். லிஃப்ட் மேலும் கீழும் ஓடிவிட்டு அதே இடத்துக்கு வந்ததும் கோடு சேர்ந்திருந்தால் நல்லது. விலகியிருந்தால் கயிறு நழுவுகிறது. மனுஷன் பொய் சொல்வான், கோடு சொல்லாது என்பது என் கட்சி.

புதன்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில், முந்தின நாள் காலையில் போட்ட கோட்டைப் பார்த்தேன். கச்சிதமாகச் சேர்ந்திருந்தது. பதிவேட்டில் "நழுவல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். காவல்காரர் எட்டிப் பார்த்து, "நேத்துலேருந்து லிஃப்டை நிறுத்தியில்ல வச்சிருக்கோம்?" என்றார்.

என்னோடு வேலை பார்க்கும் பையன், எல்லோரும் 'ஸ்பேனர்' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஓடாத லிஃப்ட்ல கயிறு எப்படிண்ணே நழுவும்? நேத்து சேந்தவன்கூட இப்படி எழுதமாட்டான்!"

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. புத்தி இடத்தில் இல்லை என்று மட்டும் தெரிந்தது. அதற்குள் அவன், "ஏண்ணே, அந்த ஊர்ல குளிர் ஜாஸ்தியா?" என்றான். காலையிலிருந்து இரண்டாவது தடவை. அந்த ஊர்க் குளிர் இவனுக்கு எதற்கு?

வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியைப் பார்த்தேன். கோடு ஒரு விரற்கடை விலகியிருந்தது. மாட்டிக்கொண்டாள் என்று திறந்தால், உள்ளே ஒன்றுமில்லை. சட்டைகள் எல்லாம் அலமாரியில் பழைய இடத்தில் தொங்கின.

"என் பெட்டியில என்ன தேடுன?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் தேடல. உங்க மேனேஜரோட வீட்டம்மா இன்னிக்குப் பல் பிடுங்க வந்தாங்க. நீங்க எப்படியும் போகமாட்டீங்களாம், மரியாதைக்குத்தான் முதல்ல கேட்டாங்களாம். ஸ்பேனர் பேர்ல கடிதம் ரெடியா இருக்காம்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வெளியூர்ல ஒரு டாக்டர்கிட்ட பெரிய வேலை வந்துச்சு. அந்த டாக்டர் மேல சந்தேகம்னீங்க. அப்புறம் அங்க பார்த்த வீட்டு ஓனர் மேல, அப்புறம் குடிதண்ணி மேல. நான் போகல. இந்தத் தடவையாவதுன்னு மூணு நாள் நம்பினேன். சட்டை கசங்குமேன்னு எடுத்து மாட்டிட்டேன்."

எல்லோரும் சேர்ந்து என்னை ஊரைவிட்டுத் துரத்தப் பார்க்கிறார்கள் என்றல்லவா இருந்தேன்? நான் நகரவே மாட்டேன் என்று அத்தனை பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "அங்க ஒரு லிஃப்ட்கூட எனக்குப் பழக்கமில்ல. ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடறதுன்னுகூடத் தெரியாது."

அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "இதை அப்பவே சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா பயந்துக்கிட்டே போயிருக்கலாமே" என்றாள்.

"இப்பப் போகலாமா? ரெண்டு பேருமா?"

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். இந்த முறை அவளுடைய புடவைகளையும் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அந்த அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். பதிவேட்டில் எழுதியதை அடித்துவிட்டு, லிஃப்டை மேலும் கீழும் பத்துத் தடவை ஓட்டினேன். கோடு இரண்டு விரல் விலகியது. அதை எழுதிவிட்டு மேனேஜரிடம் போனேன்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கை கோப்புக்கு அடியில் போயிற்று.

"போறேன் சார்" என்றேன்.

கை அப்படியே நின்றது. "நிஜமாவா? ஏன், என்ன விஷயம்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பார்வை என் வலது கையில் சற்று நேரம் நின்றது. அதில் சாக்பீஸ் தூள்தான் இருந்தது.